வெறும் பித்தளைக் கேஸும் தோட்டாக் கணக்குதான், தம்பி

தேவிப்பட்டினத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அண்ணே, எச்1பி ஸ்டாம்பிங் முடிஞ்சிருச்சு, அடுத்த மாசம் டெக்சாஸ் கிளம்புறேன். அங்க எங்க டீம்ல இருக்கிற அமெரிக்கர் மான் வேட்டைக்குப் போறவர். சுட்ட ரைஃபிள் தோட்டாவோட காலிக் கேஸ்ல, அதாவது பித்தளைக் கூட்டுல, புதுசா மருந்து நிரப்பி வீட்டு கராஜ்லயே ரீலோட் பண்றாராம். வந்தா கத்துத் தர்றேங்கிறார். கத்துக்கலாமா? என்ன வாங்கணும்? லீவுக்கு வரும்போது காலிக் கேஸ் நாலு கொண்டாந்து ஷோகேஸ்ல வைக்கலாமா?"

நான் ராமநாதபுரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரன். டெக்சாஸ்ல குடியேறி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப லீவுக்கு ஊர்லதான் இருக்கேன். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பழக்கத்துக்குள்ள போனேன். அதனால என் பதில்: படிச்சுக்கிட்டே இருங்க, கையை மட்டும் வைக்காதீங்க.

காரணம் விசா. அமெரிக்க மத்திய சட்டம் 18-ஆம் தலைப்பு, 922-ஆம் பிரிவுப்படி, எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில இருக்கிறவங்க துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது, தோட்டாவும் வச்சிருக்கக் கூடாது. "நான் என்ன துப்பாக்கியா வாங்கினேன்?"னு கேக்கிற பசங்களை நிறையப் பாத்திருக்கேன். அவங்க அதுக்கு முந்தின 921-ஆம் பிரிவைப் படிக்கணும். காலிக் கேஸ், பிரைமர் (கேஸோட அடியில தீப்பொறி தர்ற சின்ன மூடி), புல்லட் (பறந்து போற முனை), பவுடர் (மருந்து) எல்லாத்தையும் அதுல அம்யூனிஷன் கணக்குலதான் சேத்திருக்கு. அதாவது உங்க நண்பர் கராஜ் மேசையில பரப்பி வச்சிருக்கிற பொருள்ல பிரஸ்ஸையும் (தோட்டாவை அழுத்திச் செய்ற கருவி) தராசையும் தவிர்த்துப் பாத்தா, மிச்சம் முக்கால்வாசி உங்களுக்கு ஆகாத சாமான்.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ் கையில இருந்தா அந்தத் தடை பொருந்தாது. டெக்சாஸ்ல அதை எடுக்கலாம், உங்க வயசுக்காரங்க ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடிச்சிருக்கணும். ஆனா லைசன்ஸ் தேதி முடிஞ்ச மறுநாளே நீங்க பழைய நிலைமைக்கு வந்துருவீங்க. இந்தக் குற்றத்துக்கு 2022-ல இருந்து அதிகபட்சம் 15 வருஷம் சிறை. ஜெயில் வரைக்கும் போகவே வேணாம், ஒரு வழக்கு விழுந்தாலே கிரீன் கார்டு கதை கந்தல். லைசன்ஸ் எடுத்தாலும் குடியேற்ற வக்கீல் ஒருத்தர்கிட்ட எழுத்துல கருத்து வாங்கிட்டுத் தொடங்குங்க. டெக்சாஸ்ல பவுடரோ பிரைமரோ வாங்கினா கடைக்காரர் விசா கேக்க மாட்டார். அவர் கேக்கலைங்கிறதை அனுமதின்னு நினைச்சிடாதீங்க.

சரி, வழி கிடைச்ச பிறகு எப்படிக் கத்துக்கிறது? முதல்ல ரீலோடிங் மேனுவல் ஒண்ணு வாங்கிப் படிங்க. லைமன், ஹார்னடி ரெண்டுமே நல்லது, புத்தகம் வச்சிருக்க எந்த விசாவும் தடையில்ல. அப்புறம் ஒரு இழுப்புல ஒரே வேலை பாக்கிற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், உங்க தோட்டா அளவுக்கு (காலிபர்) ஏத்த அச்சு, அதாவது டை செட், நீளம் அளக்கிற காலிப்பர், தராசு. ஒரே இழுப்புல நாலு வேலை பாக்கிற புரோக்ரெஸிவ் பிரஸ்ஸை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க. புதுசா பழகுறவங்களுக்கு ஒவ்வொரு கேஸும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு முன்னாடி நிக்கணும்.

தராசு விஷயம் நம்ம ஊர் நகைக்கடை மாதிரி. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். பவுடரை நிறுக்கிறது கிரெயின்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம். ஃபேன் காத்து பட்டாலே முள் ஆடும். மேசையில ஒரு நேரத்துல ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும், ஏன்னா பேரே ஆளைக் கவுத்துரும். ஐஎம்ஆர் 4895-னு ஒண்ணு, எச் 4895-னு இன்னொண்ணு. நம்பர் ஒண்ணுதானேன்னு ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்குப் போடக் கூடாது. மேனுவல்ல போட்டிருக்கிற ஆரம்ப அளவுல தொடங்குங்க. அதிகபட்ச அளவு பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், கண்ணு அங்கதான் போகும்.

ஒரு வகையில ரைஃபிள்ல தொடங்குறது பிஸ்டலைவிட நல்லது. ரைஃபிள் கேஸ் பெரும்பாலும் பவுடரால முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிரும். தவறி ரெண்டாவது தடவை கொட்டினா வழிஞ்சு மேசையில விழும், உடனே தெரியும். பிஸ்டல் கேஸ்ல ரெட்டை அளவு சத்தமில்லாம உள்ள உக்காந்துக்கும். இருந்தாலும் புல்லட் பொருத்துறதுக்கு முன்னாடி கேஸ்களை மரக்கட்டையில வரிசையா நிறுத்தி, டார்ச் அடிச்சு எல்லாத்துலயும் பவுடர் ஒரே மட்டமா இருக்கான்னு பாருங்க.

கேஸை எத்தனை தடவை திருப்பிப் பயன்படுத்தலாம்னு அடுத்துக் கேப்பீங்க. நம்பர் சொல்ல முடியாது, கேஸே சொல்லும். சுட்டுச் சுட்டு, விரிஞ்ச கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தி ரீசைஸ் பண்ணிப் பண்ணி, அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேல பித்தளை மெலிஞ்சுக்கிட்டே வரும். வெளியில மினுமினுன்னு ஒரு வளையம் தெரியும். பேப்பர் கிளிப்பை நிமித்தி, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைச்சு, கேஸுக்குள்ள விட்டு அடியில இருந்து மேல இழுத்துப் பாருங்க. நல்ல கேஸ்ல வழுக்கிட்டு வரும். மெலிஞ்ச கேஸ்ல ஒரு பள்ளத்துல டக்குனு மாட்டும். மாட்டினா நசுக்கித் தூக்கிப் போட்டுருங்க. அந்தக் கேஸ் துப்பாக்கிக்குள்ள ரெண்டாப் பிளந்தா சூடான வாயு முகத்துக்கு வரும்.

காசு மிச்சமாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தோட்டா ஒண்ணுக்கு ஆகிற செலவு குறையும், உண்மைதான். ஆனா கூடுதலாச் சுடுவீங்க, மொத்தச் செலவு அங்கேயே நிக்கும். இது பொறுமைசாலிகளுக்கான வேலை. டிவி பாத்துக்கிட்டே செய்யணும்னு நினைக்கிறவங்க கடைத் தோட்டாவே வாங்கிக்கட்டும்.

வீட்டுல குழந்தை இருந்தா இன்னும் கவனம். பிரைமர்ல ஈயம் இருக்கு, சுட்ட கேஸ்ல படிஞ்சிருக்கிற கரியிலயும் இருக்கு. கேஸைச் சுத்தம் பண்ற டம்ளர் மெஷினை வெளியில வச்சு ஓட்டுங்க, கையை சோப்பு போட்டுக் கழுவாம சோத்துல வைக்காதீங்க. பவுடர் அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும், வாட்டர் ஹீட்டர் பக்கம் வேண்டாம். அபார்ட்மெண்ட்னா குத்தகைப் பத்திரத்தைப் படிச்சுட்டு வாங்குங்க. செஞ்ச தோட்டா உங்க சொந்தச் சுடுதலுக்கு மட்டும்தான். விக்கணும்னா தனி லைசன்ஸ் வேணும்.

இப்ப ஷோகேஸ். வேண்டவே வேண்டாம். நம்ம நாட்டு ஆயுதச் சட்டம் 1959-ல தோட்டாவோட பாகங்களும் தோட்டாக் கணக்குலதான் வருது. காலிக் கேஸா உயிருள்ள தோட்டாவான்னு ஏர்போர்ட்ல எக்ஸ்ரே பாக்கிறவர் உங்களுக்காக ஆராய மாட்டார், பெட்டியை ஓரங்கட்டி போலீஸைக் கூப்பிடுவார். தெரியாம வந்ததுன்னு காட்டி ஹைகோர்ட்ல வழக்கு ரத்தாகிறதும் உண்டுதான், ஆனா அதுக்குள்ள லீவும் முடிஞ்சு வேலையும் போயிரும். அதுலயும் நம்ம கடற்கரை வேற. 2018 ஜூன்ல தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுக்கு செப்டிக் டேங்க் தோண்டும்போது பெட்டி பெட்டியாப் பழைய தோட்டா வெளியில வந்தது ஞாபகம் இருக்கும். இந்தக் கரையில தோட்டான்னு ஒரு சொல் காதுல விழுந்தாலே போலீஸ் நாலு கேள்வி கூடுதலாக் கேக்கும். ஷோகேஸ்ல கிடக்கிற கேஸுக்கு உங்க அப்பா பதில் சொல்லிக்கிட்டு இருக்கணுமா?

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். சுடப் போற இடத்துக்குக் கொண்டு போற பையை விமானப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீங்க, மூலையில ஒரு தோட்டாவோ கேஸோ ஒளிஞ்சிருக்கலாம். நண்பரோட வண்டியில கிடந்த பையை இரவல் வாங்கினாலும் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தலைகீழாக் கவுத்து உதறிப் பாத்துட்டுத் துணியை அடுக்குங்க. ஜாக்கெட் பாக்கெட்டையும் சேத்துத்தான்.