கண் இருட்டும்போதே காலை இறுக்குங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. வரிசையில் ரொம்ப நேரம் நின்றாலோ, ரத்தம் எடுக்க ஊசி குத்தினாலோ கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிடுகிறேன். இசிஜி உட்பட எல்லாப் பரிசோதனையும் சரியாகத்தான் இருக்கிறது. விழாமல் தப்பிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் சொல்வது 'வேசோவேகல்' மயக்கம் போலத் தெரிகிறது. எழுந்து நின்றதுமே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். சாதாரணமாக ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்து அதைச் சமாளிக்கும். உங்களுக்கு நடப்பது நேர் எதிர், குழாய்கள் தளர்ந்து துடிப்பும் குறைந்து ரத்த அழுத்தம் சடாரென்று விழுகிறது. மூளைக்கு ரத்தம் நின்றுபோனால் 10 விநாடி தாங்குவதே பெரிது.

ஆனால் அதற்கு முன்பே கொட்டாவி, குமட்டல், சில்லென்ற வியர்வை, காது அடைப்பு என்று உடம்பு சொல்லிவிடும். அந்த நேரத்தில் பலரும் 'வெளியே போய்க் காற்று வாங்கலாம்' என்று நடக்க ஆரம்பித்து, பாதி வழியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நடக்காதீர்கள். வெட்கப்படாமல் அங்கேயே படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். படுக்க இடமில்லையா, ஒரு காலோடு இன்னொரு காலைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கொக்கி போல மாட்டி எதிரெதிராக இழுங்கள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், அது அழுத்தத்தை இன்னும் குறைத்துவிடும். குந்தி உட்கார்ந்தாலும் நல்ல பலன் உண்டு, ஆனால் தெளிந்ததும் சட்டென்று எழுந்துவிடக் கூடாது.

ஊசி என்றால் படுத்துக்கொண்டுதான் போடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், கூட இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால், முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தால், நெஞ்சு படபடத்தால், குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் இதெல்லாம் பொருந்தாது. இதய மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தள்ளாடி விழுகிறார். வயசானால் அப்படித்தானா?

பதில்: வயசு என்று விட்டுவிடாதீர்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான். இரவில் விழித்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள், சிறுநீரையும் உட்கார்ந்தே கழிக்கட்டும். பிராஸ்டேட் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரையும் இப்படிச் செய்யும் என்பதால் அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். எதை, எவ்வளவு குறைப்பது என்று டாக்டரே சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.