அந்நியரைக் கண்டால் நாய் என்ன உணர்கிறது? கேள்வி பதில்

வீட்டுக்கு வரும் புதியவர்களிடம் நாய் நடந்துகொள்ளும் விதம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நாய்களுக்கு நடத்தைப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் பதில் அளிக்கிறேன். அந்நியரைப் பார்த்துக் குரைக்கும் நாய்களில் பெரும்பாலானவை வீரத்தால் குரைப்பதில்லை. பயத்தால், "தள்ளி நில்" என்று கேட்கின்றன. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

கேள்வி: தினமும் பார்சல் கொண்டுவரும் அதே தம்பியைப் பார்த்து எங்கள் நாய் மாதக்கணக்கில் குரைக்கிறது. இன்னுமா பழகவில்லை? (மதுரை வாசகி)

பழகுவதற்கு அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை, அம்மா. ஹெல்மெட் அவர் முகத்தை மறைக்கிறது, முதுகில் தொங்கும் பெரிய பை உடலின் உருவத்தையே மாற்றிவிடுகிறது, நாய் மோந்து பார்ப்பதற்குள் அவர் கிளம்பியும் விடுகிறார். மணத்தையும் நடையையும் குரலையும் சேர்த்தே ஆளை அடையாளம் காணும் பிராணிக்கு இவ்வளவு அரைகுறையான அறிமுகம் போதாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். வேலை முடிந்ததால் போகிறார் என்பது நாய்க்குத் தெரியாது. தான் குரைத்து விரட்டிவிட்டதாகவே அது கற்றுக்கொள்கிறது, அந்தப் பாடம் ஒவ்வொரு நாளும் உறுதிப்படுகிறது. எனவே கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பலகையாலோ மறைத்துவிடுங்கள். வண்டிச் சத்தம் கேட்டவுடன், குரைப்பு தொடங்கும் முன்பே, நாயை உள்ளே அழைத்து அதற்கு மிகவும் பிடித்த தீனியைத் தரையில் இறைத்துவிடுங்கள். வண்டிச் சத்தம் கேட்டால் நல்லது நடக்கும் என்ற எண்ணம் வேரூன்றச் சில வாரங்கள் ஆகும். இடையில் அதட்டினால் அத்தனையும் வீணாகும்.

கேள்வி: வாலை ஆட்டிக்கொண்டே வந்த நாய் என் மைத்துனரைக் கடித்துவிட்டது. அப்படியானால் வாலை நம்பக் கூடாதா? (தஞ்சாவூர்)

வாலை மட்டும் நம்பக் கூடாது. வால் ஆடுவது கிளர்ச்சியின் அடையாளம். அந்தக் கிளர்ச்சி மகிழ்ச்சியா, பதற்றமா என்பதை உடல் முழுவதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 30 நாய்களைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்பக்கம் அதிகமாக வீசியது; அந்நியரைக் கண்டபோதும் வலப்பக்கமே, ஆனால் வீச்சு குறைவு; அறிமுகமில்லாத, ஆதிக்கம் செலுத்தும் நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. இந்த நுட்பத்தை வாசலில் நின்றபடி கண்டறிவது கடினம். அதற்குப் பதிலாக வாயைப் பாருங்கள். நிதானமாக இருக்கும் நாயின் வாய் லேசாகத் திறந்திருக்கும், இடுப்பும் சேர்ந்து அசையும். பதற்றத்தில் இருக்கும் நாய் வாயைச் சட்டென்று மூடும், மூக்கை நக்கும், தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். கடைசியில், ஓரிரு நொடி அசையாமல் விறைத்து நிற்கும். அதற்கு அடுத்தது கடிதான்.

உங்கள் மைத்துனர் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினாரா, தடுப்பூசி தொடங்கினாரா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவரை இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நாம் பயப்படுவது நாய்க்கு வாசனையில் தெரியும் என்பது உண்மையா?

உண்மைதான். 2018-இல் வெளியான நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், பயந்தவர்களின் வியர்வை மணத்தை மோந்த நாய்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, அவை தம்மை வளர்ப்பவரிடம் ஒதுங்கின. மகிழ்ச்சியாக இருந்தவர்களின் வியர்வை மணத்தை மோந்தவை அங்கிருந்த அந்நியரிடம் அதிகம் நெருங்கின. கவனியுங்கள், பயத்தின் மணம் அந்த நாய்களைப் பாயச் செய்யவில்லை, அவற்றையும் கலங்கச் செய்தது. நாயைத் தூண்டுவது நம் பயத்தைவிட, பயத்தால் நாம் செய்யும் காரியங்கள்: ஓடுவது, கையை உதறுவது, கண்ணுக்குக் கண் வெறித்துப் பார்ப்பது.

கேள்வி: சிவப்புச் சட்டை நாய்க்கு ஆகாது என்கிறார்களே?

நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பு மங்கலாகவே தெரியும். சட்டையின் நிறத்தில் காரணத்தைத் தேட வேண்டாம்.

கேள்வி: 2 மாத ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்கிறேன். அந்நியரிடம் பழகவிட்டால் காவல் குணம் போய்விடும் என்று தாத்தா சொல்கிறார். (விருதுநகர்)

தாத்தாவிடம் மரியாதையோடு மறுத்துச் சொல்லுங்கள். ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் அந்நியரிடம் எச்சரிக்கை பிறவியிலேயே உண்டு. பழக்கினால் அது போகாது. பழக்காவிட்டால், ஆபத்தானவர் யார், உறவினர் யார் என்று பிரித்தறியத் தெரியாமல், எல்லோருக்கும் அஞ்சும் நாயாக வளரும். மனிதரை ஏற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காம் வாரத்துக்குள் முடிகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் நடந்து 1961-இல் வெளியான ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பிறகு காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு மிரண்டன.

உங்களிடம் இருப்பது சில வாரங்கள்தான். தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்க முடியாதென்றால், கையில் தூக்கிக்கொண்டு டீக்கடை வாசலிலும் பள்ளி விடும் நேரத்திலும் தள்ளி நில்லுங்கள். குடை பிடித்தவர், தாடி வைத்தவர், கம்பு ஊன்றிய பாட்டி, ஓடும் குழந்தை என்று பலரையும் அது பார்க்கட்டும். யாரிடமும் வலிய நீட்டாதீர்கள். நாள் முழுதும் சங்கிலியில் கட்டுவது மிகப் பெரிய கெடுதல்: விலகி ஓட வழியில்லாத நாய்க்கு மிஞ்சுவது பற்கள் மட்டுமே.

கேள்வி: நாய் உள்ள வீட்டுக்கு முதன்முறை போகும்போது, மோந்து பார்க்கக் கையை நீட்டலாமா?

வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்தே அதற்கு உங்கள் மணம் எட்டிவிட்டது. முகத்துக்கு நேரே நீளும் கை நெருக்கடியாகவே தோன்றும். பக்கவாட்டில் திரும்பி நின்று, வீட்டாரோடு பேசிக்கொண்டிருங்கள். தானாக வந்தால் மார்பிலோ தாடைக்குக் கீழோ சில நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி நெருங்கினால் தொடரலாம், விலகினால் விட்டுவிட வேண்டும். குனிந்து தலையில் கை வைப்பது நமக்குத்தான் அன்பு.

கேள்வி: விருந்தினரைப் பார்த்து உறுமினால் அடித்துத் திருத்தலாமா?

கூடவே கூடாது. உறுமல் என்பது கடிக்காமல் இருப்பதற்காக நாய் செய்யும் கடைசி முயற்சி. அதை அடித்து அடக்கினால் பயம் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் மறைந்துவிடும். பிறகு அது சொல்லாமல் கடிக்கும். விருந்தினரை நிற்கச் சொல்லி, நாயை அமைதியாக வேறு அறைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: எல்லோரிடமும் பழகிய எங்கள் 11 வயது நாய் இப்போது புதியவர்களைக் கண்டால் சீறுகிறது. (கோயம்புத்தூர்)

இதற்குப் பயிற்சியாளரைத் தேட வேண்டாம், ஐயா. கண்புரை, காது மந்தம், மூட்டுவலி ஆகிய மூன்றும் இந்த வயதில் சாதாரணம். வருபவரைத் தாமதமாக உணர்வதால் திடுக்கிடும், தொட்டால் வலிக்கும் என்றும் அஞ்சும். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அதன் படுக்கையை ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கு மாற்றி, வருகிறவர்களை அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.