கோடையில் எண்ணெய் வாடை, ஐப்பசியில் ‘குடிக்கலாம்’ என்று ரிப்போர்ட்: எதை நம்புவது?

திருவாரூர் மாவட்டத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வயலில் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் பல வருடங்களுக்கு முன் ஒழுகியது. கருத்த மண்ணை அள்ளிவிட்டுப் புதுமண் கொட்டினார்கள். இப்போது சித்திரை, வைகாசியில் கொல்லை அடிபம்புத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் போய்விடுகிறது. ஐப்பசியில் லேபுக்குக் கொடுத்தோம், குடிக்கலாம் என்றார்கள். வயலிலும் ஒரு மூலை மஞ்சளாகவே இருக்கிறது. என்ன செய்வது?”

முதலில், அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் இன்றே நிறுத்திவிடுங்கள். காய்ச்சினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கச்சா எண்ணெயில் இருக்கும் பென்சீன் என்ற நச்சுப்பொருள் ஆவியாகி அடுப்படியில்தான் சுற்றும். வீட்டு ஆர்.ஓ. மெஷினையும் இதற்கு நம்ப வேண்டாம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவில் வாடையே தெரியாது. அதனால் வாடை அடித்தால் எண்ணெய் இருக்கிறது என்று நம்புங்கள். அடிக்காத மாதங்களிலும் தண்ணீர் நல்லது என்று நம்பிவிடாதீர்கள்.

ஐப்பசி ரிப்போர்ட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். பி.எச்., உப்பு, கடினத்தன்மை, கிருமி என்றுதான் இருக்கும். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் எண்ணெயைத் தேட மாட்டார்கள், நாம் தனியாகக் கேட்க வேண்டும். போதாததற்கு, நீங்கள் கொடுத்த மாதமும் தோதில்லாதது.

டெல்டாவின் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒழுகிய எண்ணெய் அந்த வெடிப்பிலும் நண்டுவளையிலும் இறங்கி, கீழே இருக்கும் மணல் அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். மேலே புதுமண் கொட்டினாலும் அங்கே போனது போனதுதான். கச்சா எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கூடவே இறங்கி, வழியெல்லாம் மண்ணில் அப்பிக்கொண்டே போகும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, பிறகு அடைமழையும் பெய்து நீர்மட்டம் ஏறும்போது, அப்பிய எண்ணெய் மண்துகள் இடுக்கில் தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அது எங்கேயும் போகவில்லை. பம்புக்குள் வராமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே வருடத்துக்கு ஒரு பாட்டில் எடுத்துத் தீர்ப்புச் சொல்லவே முடியாது. நீர்மட்டம் அடியில் கிடக்கும் வைகாசியில் ஒன்று, ஏறும்போது ஆடியில் ஒன்று, நிறைந்த கார்த்திகையில் ஒன்று என எடுக்க வேண்டும்.

என்.ஏ.பி.எல். (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பழைய தண்ணீர் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். லேபே 40 மி.லி. கண்ணாடிக் குப்பி தரும். பம்பை மெதுவாக அடித்து, குப்பியைச் சாய்த்துப் பிடித்து, வாயில் தண்ணீர் குமிழாக நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பென்சீன் அதற்குள் போய்விடும். உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் சுத்தமாக வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். அது எண்ணெய் மிதக்கும் மட்டத்துக்கு வெகு கீழே இருந்து உறிஞ்சுகிறது.

வயலில் வானவில் நிறத்தில் ஏடு மிதந்தால் குச்சியால் கிழித்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்பு பாக்டீரியா, நம் வயல்களில் சாதாரணம். உடனே ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். அதுவும் ஆயில் என்ஜின் டீசலாக இருக்கலாம். கச்சாவா டீசலா என்பதை எண்ணெயில் கலந்திருப்பவற்றைப் பிரித்துக் காட்டும் லேபின் குரோமட்டோகிராம் வரைபடம் காட்டிவிடும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் மூலைக்கு எண்ணெய் மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணெய்க் கிணற்றிலிருந்து நேராக வரும் குழாயில் கச்சாவோடு கடும் உப்புத்தண்ணீரும் வரும். எண்ணெயை மண் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், உப்பை எதுவும் தின்னாது. அந்த மூலை மண்ணிலும், குழாயிலிருந்து தள்ளியிருக்கும் உங்கள் நல்ல வயல் மண்ணிலும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், குளோரைடு இரண்டையும் பாருங்கள். ஒப்பிட நல்ல மண் இல்லாவிட்டால், ‘கடலோர உப்பு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். குழாய்த் தடத்தில் மட்டும் நீங்களாகத் துளை போடாதீர்கள். ஆபத்து, சட்டப்படியும் சிக்கல். அங்கே தோண்டிப் பார்க்க வேண்டியது குழாய்க்காரர்கள் பொறுப்பு.

2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே கண்ணால் பார்த்தது. உங்கள் கசிவு மண்ணுக்குள் இருக்கிறது. காகிதம்தான் பேச வேண்டும். பழைய கசிவின் தேதி, அள்ளிய மண்ணின் ஆழம், அது போன இடம் மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தரும் மனுவில், குழாயின் இருபுறமும் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும் என்று எழுதுங்கள். மூன்றுக்குக் குறைந்தால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிக்க முடியாது. அந்தக் கிணறுகளின் சல்லடைக் குழாய் (தண்ணீர் உள்ளே வரும் துளையுள்ள பகுதி) கோடை மட்டம், மழை மட்டம் இரண்டையும் தொட வேண்டும் என்பதையும் விடாமல் சேருங்கள்.

நில இழப்புக்கு 1962-ம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தின் 10-வது பிரிவு இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பதற்கோ 5 ஆண்டுக் கெடு உண்டு, அது முதலில் காரணம் எழுந்த நாளிலிருந்து ஓடும். உங்கள் விஷயத்தில் அந்த நாள் எது என்பதே வாதமாகும். வைகாசி மாதிரிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.