ஒருத்தி உட்கார மாட்டேன் என்கிறாள், ஒருவன் கிழிக்கிறான்: சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பழக்குவது எப்படி?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் கடற்கரையோரம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மகளுக்கு நாலு வயது, மகனுக்கு ஒன்றரை. இரண்டு பேருக்கும் புத்தகத்தில் ஆசை வரவேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் மகள் ஒரு கதை முடியும்வரை உட்காருவதில்லை. மகன் கையில் கிடைத்ததைக் கிழிக்கிறான், வாயில் வைக்கிறான். நான் எட்டாவதுதான் படித்தேன், சரளமாக வாசிக்க வராது. "கதைப் புத்தகம் எதுக்கு, முதல்ல ஆனா ஆவன்னா எழுதப் பழக்கு" என்கிறார் மாமியார். இந்த வயதில் நூலகத்துக்குக் கூட்டிப்போனால் உள்ளே விடுவார்களா? வாங்கி வைக்கிற ஒன்றிரண்டு புத்தகமும் உப்புக்காற்றில் நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துப் பக்கம் கழன்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எட்டாவது படிப்பு தாராளமாகப் போதும். நாலு வயதுப் பிள்ளைக்கான படப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு தடவை நீங்களே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மறுநாள் வாசிக்கும்போது தடுமாற்றம் பாதி குறைந்திருக்கும். மீதித் தடுமாற்றம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் போவதைப் பார்க்கிற பிள்ளைக்கு, கதை அந்த எழுத்துகளிலிருந்துதான் வருகிறது, இடமிருந்து வலமாகப் போகிறது என்பது தானாகவே புரிகிறது. சரசரவென்று வாசித்துவிட்டுப் போகிறவர்களிடம் இதை அவ்வளவு லேசில் பார்க்க முடியாது.

அடுத்து, சின்னப் பிள்ளையோடு வாசிப்பது என்றால் முக்கால்வாசி பேசுவதுதான். ஒரு பக்கத்தில் கூடையோடு ஒரு பாட்டி, கூடையில் மீன், பின்னால் ஒரு பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டி என்ன கொண்டு போறாங்க?" என்று கேட்கிறீர்கள். "மீனு" என்கிறாள். "என்ன மீனு?" கடலைப் பார்க்காத ஊர்ப் பிள்ளை இந்த இடத்தில் நின்றுவிடும். உங்கள் மகள் நிற்க மாட்டாள். சூடை என்பாள், முரல் என்பாள், இல்லாவிட்டால் "ஓரா, முள்ளு குத்தும்" என்பாள். "ஆமா, ஓரா முள்ளு குத்துனா கடுக்கும்ல. அப்ப பூனை அதை எப்படித் திங்கும்?" என்று நீங்கள் தொடர்ந்தால், அவள் ஒரு கதையே சொல்ல ஆரம்பிப்பாள். அச்சிட்ட வரியை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. ஆனாலும் வாசிப்பு நடந்துவிட்டது.

இதில் நீங்கள் செய்தது மூன்று காரியம்: கேட்டீர்கள், அவள் சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துத் திரும்பச் சொன்னீர்கள், மறுபடி அவள் முறைக்கு விட்டீர்கள். 1988-ல் அமெரிக்காவில் வொயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இதே முறையைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். எப்போதும்போல் வாசித்துக் காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட, இப்படிப் பேசிப் பேசி வாசித்த வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு ஒரே மாதத்தில் முன்னேறியிருந்தது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். "இது என்ன கலரு? எத்தனை இருக்கு? எண்ணு" என்று அடுக்கிக் கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை ஆகிவிடும். விடை தெரிந்துகொண்டே நாம் கேட்கிறோம் என்பது அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும், புத்தகத்தைக் கண்டாலே நழுவுவார்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக அடிக்கடி கேளுங்கள். "இந்தப் பூனை எந்த வீட்டுப் பூனையா இருக்கும்?"

உட்காரவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். நாலு வயதில் ஐந்து, பத்து நிமிடமே அதிகம். நடுவில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள், அடுத்த முறை அந்தப் பக்கத்திலிருந்தே தொடரலாம், தொடராமலும் விடலாம். சில பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார்கள். அதுவும் கேட்பதுதான். ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு உயிரை வாங்கினால் சந்தோஷப்படுங்கள், கதையும் சொற்களும் அப்படித்தான் பிள்ளைக்குள் படிகின்றன. மீன் வேலை ஓய்ந்து, பிள்ளைகளும் பசியாறி, வீடு கொஞ்சம் அடங்குகிற நேரம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரவுதான் வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது.

தமிழில் வாசித்துக் காட்டும் பெற்றோர் எல்லோருக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. புத்தகத்தில் "அவன் விரைவாகச் சென்றான்" என்றிருக்கும், வீட்டில் "வெரசாப் போனான்" என்போம். இரண்டு வயதுவரை கூச்சமே இல்லாமல் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். மூன்றைத் தாண்டிய பிள்ளைக்கு, முதல் இரண்டு தடவை உங்கள் பேச்சில் சொல்லிவிட்டு, கதை பிடிபட்டதும் புத்தகத்தில் உள்ளபடி வாசியுங்கள். அர்த்தம் ஏற்கெனவே தெரியும் என்பதால் எழுத்துத் தமிழின் ஓசை மட்டும் காதில் போய் உட்காரும். ஒன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் திணறுவது எழுத்தைக் கண்டு மட்டும் இல்லை. எழுத்துக் கூட்டி வாசித்த பிறகு வருகிற அந்தத் தமிழை வீட்டில் ஒருவரும் பேசிக் கேட்டிராததும் ஒரு காரணம். இந்த ஒன்றுக்காகவாவது பள்ளிக்கூடம் சேரும் முன்பே வாசித்துக் காட்டுங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகன் விஷயத்துக்கு வருவோம். ஒன்றரை வயதில் கிழிப்பதும் கடிப்பதும் அவன் புத்தகத்தை அறிந்துகொள்கிற வழி. மெல்லிய தாள் புத்தகத்தை அவன் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். அவனுக்கென்று நீங்களே ஒன்று செய்யலாம். போட்டோ ஸ்டுடியோவில் கொடுப்பார்களே, பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன ஆல்பம், அது இந்த வயதுக்கு அருமையான புத்தகம். எச்சில் பட்டால் துடைத்துவிடலாம். அப்பா, அக்கா, அப்பத்தா படங்களோடு உங்கள் படகு, வாசலில் நிற்கிற ஆடு, பஸ், பாம்பன் பாலம், ஒரு நண்டு என்று அவன் தினம் பார்ப்பதைப் போடுங்கள். ஸ்டுடியோவில் போட்டுத் தராவிட்டால் பழைய காலண்டர், சோப்பு அட்டையில் இருக்கிற படங்களை வெட்டிப் போட்டாலும் போதும். அவன் விரல் வைக்கிற இடத்தில் பெயர் சொல்லுங்கள், அவன் சத்தம் எழுப்பினால் பதிலுக்கு நீங்களும் எழுப்புங்கள். வாயில் வைக்கிற பிள்ளைக்கான எதிலும் பின் இருக்கக்கூடாது, உதிரும் மினுமினுப்பு இருக்கக்கூடாது. மகளை அவனுக்கு "வாசித்துக் காட்ட" சொல்லுங்கள். பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அவள் மனசிலிருந்து சொல்வது இரண்டு பேருக்குமே நல்லது.

நூலகத்தில் விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் நூலகம். 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்கென்று வகுத்த விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. அதில் வயது வரம்பு எதுவும் இல்லை. உங்கள் ஒன்றரை வயது மகனும் வாசகர்தான்.

ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. நம் கிளை நூலகங்களில் காலையில் செய்தித்தாள் பார்க்கிற பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்களும்தான் நிறைந்திருப்பார்கள். பிள்ளை சத்தம் போட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் முதல் தடவை மகளை மட்டும் கூட்டிக்கொண்டு, கூட்டம் குறைந்த முற்பகல் நேரமாகப் பார்த்துப் போங்கள். பொதுவாகக் கிளை நூலகங்களுக்கு வெள்ளி விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பஸ் ஏறும் முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். சிறுவர் நூல்கள் சில இடங்களில் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கும். தயங்காமல் கேளுங்கள், திறந்து தருவார்கள். பத்துப் பதினைந்தை மேசையில் பரப்பி, எது வேண்டும் என்று அவளையே எடுக்கச் சொல்லுங்கள். அவள் எடுப்பது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அவள் வயதுக்கு மிஞ்சியதாகக்கூட இருக்கலாம். அவள் ஒன்று, நீங்கள் ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

உறுப்பினராக முகவரிச் சான்றும், சிறிய காப்புத்தொகையும், ஆண்டுச் சந்தாவும் கேட்பார்கள். உங்கள் பெயரில் அட்டை எடுத்தால் அதிலேயே பிள்ளைகளுக்கான நூலையும் எடுக்கலாம். நூலகப் புத்தகம் கிழிந்தால் வீட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்ட வேண்டாம், நாளடைவில் அது மஞ்சளாகி அந்தத் தாளையே கெடுத்துவிடும். கிழிந்த துண்டை உள்ளேயே வைத்துக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான நூல் போதவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். வாசகர் வட்டம் இருந்தால் அவர்களிடமும், மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற அம்மாக்கள் குறைவு என்பதால்தான் பல இடங்களில் இது நடக்காமலே இருக்கிறது.

மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அவரையே துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத வைப்பதற்கு அவசரம் இல்லை. நாலு வயது விரல்கள் பென்சிலைப் பிடித்து அழுத்தி எழுதும் அளவுக்கு இன்னும் உறுதிப்படவில்லை, 247 எழுத்தும் பள்ளிக்கூடத்தில் வந்துவிடும். இப்போது மகளுக்குத் தன் பெயரின் முதல் எழுத்தும், படகின் முகப்பில் எழுதியிருக்கிற பெயரும், பஸ் போர்டில் "ராமேஸ்வரம்" என்றிருப்பதும் அடையாளம் தெரிந்தால் நிறைய. எழுத்துக்கு முன்னால் ஓசை வரவேண்டும். ஒரே மாதிரி முடிகிற சொற்கள், ஒரே ஒலியில் தொடங்குகிற சொற்கள் காதுக்குப் பழகிய பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவது சுலபமாக வரும். அது உங்கள் மாமியாரிடம் இருக்கிற சரக்கு. தாலாட்டு, விடுகதை, வீட்டில் தாத்தா இருந்தால் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. "நீங்க பாடுறதுதான் அவளுக்குப் படிப்பு, தினம் ஒண்ணு சொல்லிக்கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், ஆனா ஆவன்னாவை அவரே தள்ளிப்போடுவார்.

உப்புக்காற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். மெல்லிய புத்தகம் வாங்கியதும் நடுவில் இருக்கிற பின்னை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிடுங்கள். அதே துளைகள் வழியாகக் கெட்டியான பருத்தி நூலால் தைத்து, முடிச்சு வெளிமுதுகில் வருகிறாற்போல் கட்டுங்கள். வலை நூல் வீட்டில் இருக்கிறதே என்று நைலானை எடுக்காதீர்கள், அது தாளை அறுத்துவிடும். புத்தகத்தைச் சுவரை ஒட்டியோ இரும்புப் பெட்டியிலோ வைத்தால் ஈரம் கோக்கும், இராமபாணப் பூச்சி வரும். அகலமான பனையோலைப் பெட்டி ஒன்றில், அட்டை தெரிகிற மாதிரி சாய்த்துத் தரையில் வையுங்கள், காற்றும் போகும், மகளுக்கும் எட்டும். மகனுக்கும் எட்டும் என்பதால் அவன் ஆல்பத்தை மேலே போட்டுவிடுங்கள். வாடைக்காற்று மழைமாதங்களில் வாரம் ஒரு நாள் நிழலில் விரித்து வைத்தெடுங்கள். நேர் வெயிலில் போட்டால் அட்டை சுருளும்.

உங்கள் வீட்டுக்காரரையும் இதில் இழுத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். கோடை விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். வலை பார்க்கிற நேரம் போக, தினம் ஒரு புத்தகம் அப்பா கையில் என்று பழக்கிவிட்டால், பிறகு அவர் கரையில் இருக்கிற நாளெல்லாம் பிள்ளையே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும். அவருக்கு வாசிக்க வராவிட்டாலும் படத்தைக் காட்டிக் கடல் கதை சொல்லட்டும். அவர் கடலில் இருக்கிற இரவுகளுக்கு, கரையில் இருக்கும்போதே போனில் ஒரு கதையைப் பதிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். குரலை ஓடவிட்டு, பக்கத்தை நீங்கள் புரட்டலாம். போன் அந்த அளவோடு நிற்கட்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

புத்தகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் வெளியிடுகிற தமிழ்ப் படப் புத்தகங்கள் மலிவானவை. பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கி, பிரின்ட் எடுத்துத் தைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பற்றிக் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருப்பார்கள். "நுழை" வரிசையில் வருபவை உங்கள் மகள் கேட்பதற்கும், நீங்கள் தடுமாறாமல் வாசிப்பதற்கும் சரியாக இருக்கும். ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ மதுரை போக நேர்ந்தால், புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே அவர்கள் எதை எடுத்துப் புரட்டுகிறார்கள் என்று கவனித்து, அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் ஊர் நூலகரிடம் கொடுங்கள்.