வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது? பூல் போட்டிக்குத் தயாராவது பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் மதுரையில் பூல் மேசையைச் சுற்றி வருகிறேன் (க்யூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்ற பந்துகளைக் குழியில் போடும் ஆட்டம்). முதலில் ஆடினேன், இப்போது பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், சுற்றுவட்டாரப் போட்டிகளில் நடுவராகவும் நிற்கிறேன். போட்டிக்குத் தயாராவது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவர், திருமங்கலம்: அண்ணே, அடுத்த மாதம் முதல் தடவையாக 9 பால் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தினமும் மூன்று மணி நேரம் ஆடுகிறேன். இன்னும் என்ன செய்யணும்?

தம்பி, அந்த மூன்று மணி நேரமும் யாரோடு ஆடுகிறீர்கள்? கூட்டாளிகளோடு, தோற்றவன் மேசைக் காசு கொடுப்பது என்று பேசிக்கொண்டுதானே? அது ஆட்டம். பயிற்சி வேறு. முதல் ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

மேசையில் மூன்று பந்தை மட்டும் இஷ்டத்துக்கு உருட்டி விடுங்கள். வெள்ளைப் பந்தைப் பிடித்த இடத்தில் வைத்து, எண் வரிசைப்படி மூன்றையும் போட வேண்டும். 10 தடவையில் 7 தடவை முடிந்தால் நான்கு பந்து, அப்புறம் ஐந்து. பந்தைக் குழியில் போடுவது இதில் பாதி வேலைதான். போட்ட பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதுதான் மீதி. 9 பாலில் 1 முதல் 9 வரை எண் போட்ட பந்துகள், 9-ஐப் போடுகிறவருக்கே அந்த ரேக் (ஒரு சுற்று ஆட்டம்). அதனால் கடைசியிலிருந்து யோசிக்க வேண்டும். 9-ஐப் போட வெள்ளை எங்கே நிற்கணும், அங்கே போவதற்கு 8-ஐ எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கணும், அந்தப் பக்கம் வர 7-ஐ என்ன செய்யணும் என்று பின்னாலிருந்து வாருங்கள். அடிக்கும் முன், வெள்ளை வந்து நிற்க வேண்டிய இடத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றால், பந்து குழியில் விழுந்திருந்தாலும் அதைத் தவறாகவே கணக்கு வையுங்கள்.

அடுத்தது சேஃப்டி, அதாவது பந்தைப் போடப் பார்க்காமல் எதிராளிக்குச் சிக்கலான நிலையை விட்டுவைக்கிற அடி. பார்லரில் இதை யாரும் பழகுவதே இல்லை, கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். 9 பாலில் மேசையிலுள்ள சின்ன எண் பந்தை முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து குழியில் விழணும், இல்லையென்றால் ஏதாவது ஒன்று குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) படணும். இரண்டும் நடக்காவிட்டால் ஃபவுல், எதிராளி வெள்ளையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார். விடாமல் மூன்று முறை ஃபவுல் செய்தால் அந்த ரேக்கே போய்விடும். பிரேக் (ரேக்கைத் தொடங்கும் முதல் அடி) முடிந்த உடனே வரும் அடியில் 'புஷ் அவுட்' கேட்கலாம், அதாவது இந்தத் தொடும் விதிகளுக்குக் கட்டுப்படாமல் வெள்ளையை நகர்த்தலாம் என்பது முதல் போட்டிக்கு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. விதிப் புத்தகத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்.

பிரேக்கை முழு பலத்தோடு அடிக்காதீர்கள். முக்கால் பலம் போதும். முன்பந்தின் நெற்றியில் படணும், வெள்ளை மேசை நடுவில் நிற்கணும். வெள்ளை குழிக்குள் போனால் மற்றது எத்தனை விழுந்தாலும் பயனில்லை.

கடைசியாக லேக். முதல் பிரேக் யாருக்கு என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி, நம் பக்கத்துக் குஷனுக்கு யாருடைய பந்து அருகில் நிற்கிறதோ அவர் கை மேல். 9 அடி மேசையில் ஆடுகிற பரப்பு 100-க்கு 50 அங்குலம். அந்த நீளத்தில் போகவர உருட்டுகிற அந்த மென்மை கைக்குத் தெரிந்துவிட்டால், அன்றைக்கு அந்த மேசைத் துணியின் வேகமும் தெரிந்துவிடும். தினமும் ஆரம்பத்தில் 20 தடவை உருட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இனிப் போட்டி முடியும்வரை க்யூவின் டிப்பை (நுனியில் ஒட்டியிருக்கும் தோலை) மாற்றாதீர்கள். எட்டு வருடத்துக்கு முன் ஓர் அரையிறுதி. இரண்டு நாள் முன்னால்தான் டிப் மாற்றியிருந்தேன். 6-6. 8 போய்விட்டது, 9 குழி வாசலில் ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. புது டிப் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்ததால், அதில் வழுக்காமலிருக்கத் தேய்க்கிற சாக் பிடிக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம். வெள்ளை பக்கவாட்டில் நழுவி 9-ஐத் தொடாமலே போனது. அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

கே.கே. நகர்: எந்த க்யூ வாங்கலாம்?

நேராக இருக்கிற க்யூ. ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். பூலுக்கு 13 மி.மீ. டிப் வழக்கம். விலையைப் பார்க்காதீர்கள், ஆறு மாதம் அதையே பிடியுங்கள்.

ஆரப்பாளையம்: நல்ல க்யூ எது? பார்லர் க்யூவில் போட்டி ஆடலாமா?

மேலே பாருங்கள். பார்லர் க்யூவில் ஆடலாம், ஆனால் தினமும் அதே க்யூவாக இருக்கணும்.

செல்லூர்: இருபது வருடம் கேரம் ஆடியவன் நான். எங்கள் தெருவில் கேரம் நன்றாக ஆடுகிற எவனும் பூல் மேசையில் ஒரே வாரத்தில் ஜெயிப்பான். குழியும் பெரிசு, பந்தும் பெரிசு. இதற்குத் தயாரிப்பு என்று இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

ஐயா, கேரமை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் நம் மாநிலத்துக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். காயை எந்த இடத்தில் தொட்டால் எந்தப் பக்கம் போகும் என்கிற கண், குஷன் கணக்கு, இதெல்லாம் கேரம்காரர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. என்னிடம் வந்த கேரம் பையன்கள் முதல் நாளே அழகாகப் பந்து போடுவார்கள். ஆனால் இரண்டாவது, மூன்றாவது பந்தில் மாட்டிக்கொள்வார்கள்.

காரணம் ஸ்ட்ரைக்கர். கேரமில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கர் கைக்குத் திரும்பி வருகிறது, கோட்டில் எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்ளலாம். பூலில் வெள்ளை நின்ற இடம்தான் நம் இடம். சுவரை ஒட்டி நின்றால் சுவரை ஒட்டியே அடிக்கணும். இன்னொன்று, ஸ்ட்ரைக்கர் பவுடரில் வழுக்கிப் போகிறது, பந்து துணியில் உருண்டு போகிறது. உருண்டு போகிற வெள்ளை இன்னொரு பந்தின் பாதி அகலத்தில் மட்டும் மோதினால் ஏறக்குறைய 30 டிகிரி விலகும். உருளாமல் சறுக்கிக்கொண்டே போய் அதே இடத்தில் தட்டினால், அடிபட்ட பந்து போகிற வழிக்குச் செங்குத்தாகக் கிளம்பும். இந்த வித்தியாசம் கைக்கு வர ஒரு வாரம் போதாது.

மறுபடி செல்லூர்: நாங்களும் அடுத்த காயைப் பார்த்துத்தான் ஆடுகிறோம். நீங்கள் சாதாரண ஆட்டக்காரர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள்.

ஒத்துக்கொள்கிறேன். நல்ல கேரம் ஆட்டக்காரர் நெருக்கிக் கிடக்கிற காய்களை எப்போது பிரிப்பது, சிவப்பை எப்போது எடுப்பது, அதற்குக் கவர் எது என்று ஐந்தாறு அடி முன்னாலேயே பார்த்துவிடுவார். சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த அடியிலேயே கவர் போட வேண்டிய பதற்றத்துக்குப் பழகினவர்களுக்கு 9-ஆம் பந்தில் கை நடுங்குவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த யோசனை முழுவதும் காய்களைப் பற்றியது, ஸ்ட்ரைக்கரைப் பற்றியது இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் போர்டிலேயே, ஸ்ட்ரைக்கர் நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி என்று வைத்து ஒரு போர்டு ஆடுங்கள். நான் சொல்வது பத்து நிமிடத்தில் புரியும்.

விளாங்குடி: கேரமும் வேண்டாம், பூலும் வேண்டாம். ஸ்னூக்கர் தெரிந்தவனுக்கு இந்த மேசை விளையாட்டு மைதானம். சரிதானே?

நேராக அடிக்கிற ஒழுக்கம் ஸ்னூக்கரில்தான் வரும், மறுப்பில்லை. அதற்கு விதி எழுதினதே நம் ஊட்டி கிளப்பில். ஆனால் பூல் போட்டிக்கு வரும் ஸ்னூக்கர்காரர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மெல்லத் தொட்டுவிட்டு வெள்ளையை அங்கேயே நிறுத்தி சேஃப்டி ஆடுகிறார்கள். ஸ்னூக்கரில் அது செல்லும். பூலில் எதுவும் குஷனில் படவில்லையென்றால் ஃபவுல். போன வருடம் நான் நடுவராக நின்ற ஓர் ஆட்டத்தில் ஒருவர் இதையே மூன்று ரேக்கில் செய்து தோற்றார். பந்தும் வேறு: ஸ்னூக்கருக்கு 52.5 மி.மீ., பூலுக்கு 57.15 மி.மீ., கனமும் கூடுதல். மெல்லிய ஸ்னூக்கர் க்யூவால் பிரேக் அடித்தால் க்யூதான் பாழாகும்.

இந்தச் சண்டையில் இன்னும் ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இதே பதில்தான், நிறுத்திக்கொள்கிறேன்.

அருப்புக்கோட்டை: கேரம் சண்டையில் என் கேள்வி போய்விட்டது. போட்டியில் கை நடுங்குகிறது. நடுக்கம் நிற்க ஒரு மாத்திரை இருக்கிறது என்று நண்பன் சொல்கிறான், போடலாமா?

போடாதீர்கள். அவர் சொல்வது பீட்டா பிளாக்கர் வகை. பில்லியர்ட்ஸ் சார்ந்த எல்லா ஆட்டங்களிலும் போட்டி நேரத்தில் அதற்குத் தடை இருக்கிறது, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலிலேயே உண்டு. அதைவிட முக்கியம், ஆஸ்துமா உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் போட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது, அவரிடமே கேளுங்கள்.

நடுக்கம் எல்லோருக்கும் வரும். குனிவதற்கு முன்னால், நின்றபடியே முடிவெடுத்துவிடுங்கள். குனிந்த பிறகு மனம் மாறினால் எழுந்துவிடுங்கள். முன்கை மேசையில் அழுந்தட்டும், பின்கை க்யூவைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்கட்டும். தினமும் ஒரே எண்ணிக்கையில் க்யூவை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு அடியுங்கள். எனக்கு மூன்று. போட்டியிலும் அதே மூன்று.

வில்லாபுரம்: நல்ல க்யூ ஒன்று சொல்லுங்களேன்.

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது. புதிதாக எதை வாங்கினாலும் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் வாங்குங்கள். டிப்புக்கும் அதுதான்.

உசிலம்பட்டி: 6-2 என்று முன்னால் இருந்தும் 7-6-ல் தோற்றேன். ஏன்?

ஜெயித்துவிட்டோம் என்று மேசையை விட்டு மனம் வெளியே போயிருக்கும். 1996-ல் ஹாங்காங்கில் பூல் ஜாம்பவான்கள் எஃப்ரென் ரேயெஸும் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும், முதலில் 120 ரேக் எடுப்பவருக்கே வெற்றி என்று ஆடினார்கள். ரேயெஸ் 120-117-ல் ஜெயித்தார். அத்தனை நீளமான ஆட்டத்திலும் மூன்று ரேக்தான் வித்தியாசம். ஒவ்வொரு ரேக்குக்கும் நடுவே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, ஸ்கோர் பலகையைப் பார்க்காமல் உட்காருங்கள். எதிராளி ஆடும்போது ஃபோனை எடுக்காதீர்கள், அவர் வெள்ளையைக் கவனியுங்கள்.

அனுப்பானடி: போட்டி அன்று என்ன சாப்பிடலாம்?

இட்லி. பரோட்டா சால்னா, கறி தோசையெல்லாம் ஜெயித்த பிறகு. ஜிகர்தண்டாவும் அப்படித்தான்.

மேலூர்: க்யூவைக் காரில் வைத்துவிட்டு வந்தேன், வளைந்தது போலத் தெரிகிறது.

சித்திரை வெயிலில் மூடின காருக்குள் மரம் வளையத்தான் செய்யும். எப்போதும் கூடவே வைத்திருங்கள். வியர்வைக்குத் துண்டோ கையுறையோ போதும், பவுடரை மேசைத் துணியில் கொட்டாதீர்கள்.

நத்தம்: போட்டிக்கு முதல் நாள் டிப் மாற்றலாமா அண்ணே?

கூடாது தம்பி. முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு தாயார், திருப்பரங்குன்றம்: பதினான்கு வயது மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். பார்லருக்குப் பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

தயக்கம் நியாயம்தான் அக்கா. சில இடங்களில் புகையும் பந்தயக் காசும் இருக்கிறது, அங்கே நான் என் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். ஆனால் ஆட்டத்தை விடச் சொல்லாதீர்கள். சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோகாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்றார். முதலில் நீங்கள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கேமரா இருக்கிறதா, புகை இல்லையா, சொல்லிக் கொடுக்கிறவர் யார் என்று கேளுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்னால் எங்கேயும் மேசை காலியாக இருக்கும், அந்த நேரத்தில் கூடவே போங்கள். முதல் மாதம் க்யூ வாங்க வேண்டாம், வெறும் லேக் மட்டும் உருட்டட்டும்.