தம்பிக்குப் பக்கவாதம்: மரபணுதான் காரணமா?

கேள்வி: என் வயது 37. தம்பிக்கு 33 வயதுதான் ஆகிறது. ஐந்து வாரங்களுக்கு முன் ஒருநாள் காலையில் எழுந்தவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. மூளையின் இடப்பக்கத் தமனி ஒன்றில் அடைப்பு என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டியது. மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 'ஃபேக்டர் ஃபைவ் லைடன், ஒற்றைப் பிரதி' என்றும், 'எம்.டி.எச்.எஃப்.ஆர். மாற்றம், ஒற்றைப் பிரதி' என்றும், புரதம் எஸ் அளவு 48 சதவீதம், அதாவது குறைவு என்றும் வந்திருக்கிறது. அவனுக்குப் புகைப்பழக்கம் உண்டு. இரத்த அழுத்தமும் கூடுதல். இப்போது ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். நான் பிறந்த மூன்றாம் வாரத்தில் அம்மாவுக்குக் காலில் இரத்தம் உறைந்து மருத்துவமனையில் இருந்தாராம். 'என் இரத்தம்தான் பிள்ளையைச் சாய்த்துவிட்டது' என்று அழுதுகொண்டே இருக்கிறார். அவருக்கு இரண்டு மாதத்தில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. நான் ஐந்து ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். 12 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நாங்கள் எல்லோரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தம்பியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகள், அம்மாவின் அறுவை சிகிச்சையும் உங்கள் மாத்திரையும், என்னை அதிகம் கவலைப்பட வைத்தன. அவற்றுக்கு வருகிறேன். முதலில் தம்பி.

இரத்தம் உறைவது என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். தமனியில் உறைவதும் சிரையில் உறைவதும் வேறு வேறு கதைகள். தமனியில் இரத்தம் வேகமாக ஓடுகிறது. அங்கே பெரும்பாலும் முதலில் கெடுவது குழாயின் சுவர்: உயர் இரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, கொழுப்பு இவற்றால் புண்பட்ட இடத்தில் தட்டணுக்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. இல்லையென்றால் இதயத்தில் உருவான இரத்தக் கட்டி ஒன்று மேலே அடித்துச் செல்லப்படுகிறது. சிரையில், குறிப்பாகக் கால் சிரையில், இரத்தம் மெதுவாக நகர்கிறது. அங்கேதான் உறைவுப் புரதங்களின் சமநிலை முக்கியம். ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்பது இந்த இரண்டாவது கதையைச் சேர்ந்தது.

அது செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஐந்தாம் உறைவுக் காரணி என்ற புரதம் இரத்தம் உறைவதை விரைவுபடுத்துகிறது. வேலை முடிந்ததும் அதை நிறுத்த வேண்டும். புரதம் சி என்பது கத்தரிக்கோலைப் போல வந்து, அதைக் குறிப்பிட்ட சில இடங்களில் வெட்டிப்போடுகிறது. அவற்றில் முதலில் வெட்டு விழுவது அந்தப் புரதச் சங்கிலியின் 506-ஆம் இடத்தில். அங்கே ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் சிலருக்கு அங்கே குளூட்டமின் இருக்கிறது. கத்தரிக்கோலுக்கு அந்த இடம் பிடிபடுவதில்லை. ஆகவே உறைவு நிற்பதற்குத் தாமதமாகிறது. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்ததால் ஊரின் பெயரே இதற்கும் வந்துவிட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கட்டி வருவதில்லை.

ஒற்றைப் பிரதி என்றால் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது என்று பொருள். சிரையில் கட்டி வரும் வாய்ப்பை அது சில மடங்கு கூட்டுகிறது. தமனி அடைப்பால் வரும் பக்கவாதத்தோடு அதற்கு இருக்கும் தொடர்பு மிகவும் பலவீனமானது. ஆகவே உங்கள் தம்பிக்கு நேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கருவில் இருக்கும்போது குழந்தையின் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு சிறு கதவு திறந்திருக்கும். நுரையீரல் அப்போது மூச்சுவிடுவதில்லை. இரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போக அந்த வழி தேவை. பிறந்தபின் கதவு மூடிக்கொள்ளும். ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது சரியாக ஒட்டாமல் ஒருக்களித்தே நிற்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கால் சிரையில் ஒரு கட்டி உருவானால், நுரையீரலுக்குப் போக வேண்டியது, முக்கி இருமும் நேரத்தில் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு இடப்பக்கம் புகுந்து மூளைக்குப் போய்விடலாம். சிரையின் நோய் தமனிக்கு வந்து சேரும் குறுக்குவழி இது. இளம் வயதில், வேறு காரணம் பிடிபடாத பக்கவாதத்தில் இதைத் தேடியே ஆக வேண்டும். கையில் உப்புநீரை நுண்குமிழிகளோடு ஏற்றி, அவை இதயத்தின் இடப்பக்கம் தெரிகின்றனவா என்று எக்கோவில் பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் அறிக்கையில் இந்தக் குமிழிப் பரிசோதனை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். தகுந்த நோயாளிகளில் அந்தக் கதவை அடைப்பது மீண்டும் பக்கவாதம் வருவதைக் குறைக்கிறது என்று 2017-இல் ஒரே நேரத்தில் வெளிவந்த மூன்று ஆய்வுகள் காட்டின.

கழுத்துத் தமனியின் உட்சுவரில் கிழிசல் இருக்கிறதா, இதயத் துடிப்பு இடையிடையே ஒழுங்கு தவறுகிறதா என்பதும் இந்த வயதில் பார்க்க வேண்டியவை. இன்னொன்று, ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள். இது பிறவியில் வருவதில்லை. உடல் பின்னாளில் தனக்கு எதிராகவே உண்டாக்கிக்கொள்வது. சிரை, தமனி இரண்டையும் அடைக்கக்கூடியது. இளைஞர் ஒருவரின் பக்கவாதத்தில் ஒரே ஓர் உறைவுப் பரிசோதனைதான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒருமுறை இருப்பதாக வந்தாலும் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தே உறுதி செய்வார்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இனி அந்தப் புரதம் எஸ். புரதம் சி என்ற கத்தரிக்கோலுக்குத் துணை நிற்பது அது. மூன்றாம் நாள் எடுத்த அளவை வைத்து யாரையும் பிறவிக் குறைபாடு உள்ளவர் என்று முத்திரை குத்தக் கூடாது. உடல் பெரிய அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது வேறொரு புரதம் இரத்தத்தில் பெருகி, புரதம் எஸ்ஸைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்கிறது. தனித்துத் திரிவதுதான் வேலை செய்யும். அதன் அளவு அப்போது தாழ்ந்து தெரியும். கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிடும்போதும், வார்ஃபரின் சாப்பிடும்போதும் அது குறையும். ஆகவே பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழிந்தபின் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மரபணு முடிவு அப்படி மாறாது. அதை மறுபடி பார்க்கத் தேவையில்லை.

எம்.டி.எச்.எஃப்.ஆர். வரியை மறந்துவிடுங்கள். உலகில் கோடிக்கணக்கானோருக்கு இருக்கும் சாதாரண மரபணு வேறுபாடு அது. உறைவு நோய்க்காக அதைப் பரிசோதிக்கவே வேண்டாம் என்று மருத்துவ அமைப்புகள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் அறிக்கைகளில் அது வந்துகொண்டே இருக்கிறது. குடும்பங்கள் தூக்கத்தைத் தொலைக்கின்றன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

வார்ஃபரின் பற்றி: ஒற்றைப் பிரதி லைடன் மாற்றம் ஒன்றை மட்டும் வைத்து, தமனிப் பக்கவாதம் வந்தவருக்கு ஆயுள் முழுக்க அதைக் கொடுப்பதில்லை. சிரையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டாலோ, எதிர்ப்பொருள் உறுதியானாலோ, இதயத் துடிப்பில் கோளாறு தெரிந்தாலோ முடிவு மாறலாம். அதுவரை ஆஸ்பிரினை ஒருநாள்கூட விடக்கூடாது.

புகையையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே மூச்சில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாத அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்று காட்டியது. அவற்றில் முதலிடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு. மரபணுவின் மேல் பழியைப் போட்டுவிட்டால் சிகரெட் தப்பித்துக்கொள்ளும். தம்பியிடம் இதைக் கோபமில்லாமல், ஆனால் நேராகச் சொல்லுங்கள். விட முடியாமல் தவிக்கிறார் என்றால் அதற்கும் மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இப்போது நீங்கள். தம்பியின் பெயரில் வந்த அந்த அறிக்கையை அவரைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியவர்கள் நீங்களும் அம்மாவும்தான். ஒரே பெற்றோரின் பிள்ளை என்பதால் உங்களுக்கும் அந்த மாற்றம் இருக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு. அதோடு, பெற்ற தாய்க்குச் சிரையில் கட்டி வந்த வரலாறு. உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறம் பாருங்கள். எத்தினைல் எஸ்ட்ரடயால் என்றிருந்தால் அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. லைடன் மாற்றமும் ஈஸ்ட்ரோஜனும் சேரும்போது சிரையில் கட்டி வரும் அபாயம் பல மடங்காகப் பெருகுகிறது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையோ காப்பர்-டியோ பொருந்துமா என்று கேளுங்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எதிர்பாராத கர்ப்பத்தில் கட்டி வரும் அபாயம் மாத்திரையில் இருப்பதைவிட அதிகம். உங்களுக்குப் பரிசோதனை பயன்படும், ஏனென்றால் அதன் முடிவு ஒரு தீர்மானத்தை மாற்றும். மகளுக்கு இப்போது வேண்டாம். 12 வயதில் தெரிந்து அவள் செய்யப்போவது ஒன்றுமில்லை. வளர்ந்து, ஹார்மோன் மாத்திரையோ கர்ப்பமோ என்று வரும்போது அவளே முடிவு செய்யட்டும்.

கடைசியாக அம்மா. அந்த மாற்றம் அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம். இதுவரை யாரும் பார்க்கவில்லை. அம்மாவிடமிருந்தே வந்திருந்தாலும் அவர் தெரிந்து கொடுத்தது எதுவும் இல்லை, தம்பியைச் சாய்த்ததும் பெரும்பாலும் அது இல்லை. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனால் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் கால் சிரையில் கட்டி வரும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு. முன்பு ஒருமுறை வந்தவருக்கு அது இன்னும் அதிகம். சர்க்கரை, அழுத்தம் எல்லாம் சொல்லிவிட்டு, 37 ஆண்டுகளுக்கு முன் வந்ததுதானே என்று இதை விட்டுவிடுவார்கள். அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் 'பிரசவத்துக்குப் பின் காலில் இரத்தம் உறைந்தது, மகனுக்கு ஃபேக்டர் ஃபைவ் லைடன் இருக்கிறது' என்று எழுதியே கொடுங்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டார்கள். உறைவைத் தடுக்கும் ஊசியையோ மாத்திரையையோ எத்தனை நாள் கொடுப்பது என்பதைத்தான் மறுபடி கணக்கிடுவார்கள். வீடு திரும்பியபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, அது இரவு இரண்டு மணியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.