கணக்கு ஆசிரியர் ஏன் எங்கள் ஊரில் நிலைப்பதில்லை?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் மலையோரக் கிராமம் எங்களுடையது. அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். கணக்குக்கு ஒரு ஆசிரியர் வருவார்; ஒன்றிரண்டு வருடத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் மாதக்கணக்கில் ஆளே இருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். பி.எட். முடித்துவிட்டு இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும்போது எங்கள் பள்ளிக்கு மட்டும் ஏன் ஆள் கிடைப்பதில்லை? ஊரில் பணம் திரட்டி நாங்களே ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலைக்கு ஆள் பஞ்சம் கிடையாது. 2024 பிப்ரவரியில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,222 இடங்களை அறிவித்து, ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்களுக்கான தேர்வு நடத்தியபோது 40 ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) ஏற்கெனவே தேறியவர்கள் மட்டுமே எழுத முடிந்த தேர்வு அது. இத்தனை பேர் காத்திருக்கும் மாநிலத்தில் உங்கள் பள்ளியின் கணக்குப் பணியிடம் காலியாகக் கிடக்கிறது என்றால், வந்த ஆசிரியரின் மனசு சரியில்லை என்று சொல்லி முடித்துவிட முடியாது. ஆள் எடுப்பது, சம்பளம் கொடுப்பது, மாறுதல் தருவது ஆகிய மூன்றும் இப்போது நடக்கிற முறைப்படி, கடைசிக் காலியிடம் உங்கள் ஊர் போன்ற இடத்தில்தான் வந்து சேரும். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த மாதத்தில் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது பிடிபடும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். ஓசூர் நகரத்துப் பள்ளியானாலும் உங்கள் மலையோரப் பள்ளியானாலும் அதேதான். சம்பளத்தில் வித்தியாசம் இல்லை என்னும்போது ஒருவர் வேறு எதைப் பார்ப்பார்? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், காலையில் நேரத்துக்குப் பஸ் உண்டா, தன் பிள்ளையைச் சேர்க்கப் பக்கத்தில் என்ன பள்ளி இருக்கிறது, வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா என்றுதான் பார்ப்பார். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வீட்டு வாடகைப்படி ஊரின் தரத்தைப் பொறுத்தது. நகரத்தில் அதிகம், கிராமத்தில் மிகக் குறைவு. மலைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் மலைப்படி உண்டுதான், ஆனால் தினமும் போக வர ஆகும் செலவுக்கு அது ஈடாகாது. கஷ்டமான இடத்துக்குப் போகிறவருக்குக் கூடக் கொடுக்க வேண்டிய நாம், கணக்குப் பார்த்தால் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இது தவறான ஏற்பாடு.

இனி மாறுதல் கலந்தாய்வுக்கு, அதாவது காலியிடங்களைத் திரையில் காட்டி ஆசிரியர்களை வரிசைப்படி இடம் தேர்ந்தெடுக்க விடும் முறைக்கு வருவோம். ஓசூரில் ஒரு கணக்கு ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். அந்த இடம் கலந்தாய்வுத் திரையில் வந்ததும் தேன்கனிக்கோட்டையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அவர் விட்ட இடத்தை உங்கள் ஆசிரியர் எடுப்பார். உங்கள் இடமும் அதே திரையில் வரும். எடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்றவர் ஓசூர்க்காரர், காலியானது உங்கள் பள்ளி. மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்தவர்கள், கணவன் மனைவி இருவரும் பணியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தருகிறார்கள், அது நியாயமானதே. ஆனால் பள்ளிக்கு முன்னுரிமை என்று ஒன்று அந்தத் திரையில் கிடையாது. மூன்று முறை காலியான பள்ளியும் முதல் முறை காலியான பள்ளியும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கும்.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் நிலையும் இதேதான். தேர்வில் முன்னால் நிற்பவர் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் எடுப்பார். மிஞ்சியது பின்னால் நிற்பவருக்கு. தென் மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் அதிகம், இடங்கள் குறைவு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் இடங்கள் அதிகம், உள்ளூர் ஆட்கள் குறைவு. அதனால் விருதுநகரிலோ தூத்துக்குடியிலோ பிறந்த ஒரு பிள்ளை முதல் வேலைக்கு உங்கள் ஊருக்கு வந்து இறங்குகிறது. அப்பா அம்மா அங்கே, பெண் பார்ப்பதும் அங்கே, நிலமும் அங்கே. வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளையின் மனசு அடுத்த கலந்தாய்வுக்குப் போய்விடும். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது நம் ஊர்ப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1999 முதல் 2002 வரை பணியில் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களை ஆராய்ந்தபோது, 61 சதவீதம் பேர் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து 15 மைலுக்குள், அதாவது சுமார் 24 கிலோமீட்டருக்குள் முதல் வேலையில் சேர்ந்திருந்தார்கள். 40 மைலுக்குள் என்று பார்த்தால் 85 சதவீதம். ஆசிரியர் வேலை என்பது உலகெங்கும் சொந்த ஊரை ஒட்டிய வேலை. ஆசிரியர்களை உருவாக்காத ஊர் எங்கேயும் வெளியூர் ஆசிரியரை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆள் அடிக்கடி மாறுவதால் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்? நியூயார்க் நகரத்திலேயே எட்டு ஆண்டுகளின் நான்காம், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆசிரியர்கள் அதிகம் மாறிய ஆண்டுகளில் கணக்கு, மொழிப்பாடம் இரண்டிலும் மதிப்பெண் குறைந்தது. போகாமல் அதே பள்ளியில் இருந்த ஆசிரியர்களின் வகுப்பும் பாதிக்கப்பட்டது. உங்கள் பள்ளியில் நஷ்டம் இன்னும் அதிகம். நகரத்து மேல்நிலைப் பள்ளியில் நான்கு கணக்கு ஆசிரியர்கள் இருந்தால், ஒருவர் போனாலும் மற்றவர்கள் பாடவேளையைப் பிரித்துக்கொள்வார்கள். உங்களைப் போன்ற சிறிய உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒருவர்தான். அவர் போனால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கே இல்லை. மாவட்டக் கணக்கில் அது ஒரே ஒரு காலியிடம்.

எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தோனேசியாவில் 2005-ல் சட்டம் கொண்டுவந்து, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். 360 பள்ளிகளை வைத்து ஆராய்ந்ததில், ஆசிரியர்களின் பணக் கவலை குறைந்திருந்தது, பக்க வேலை பார்ப்பதும் குறைந்திருந்தது. பிள்ளைகளின் படிப்பில் மட்டும் மாற்றம் இல்லை. ஆப்பிரிக்காவின் காம்பியா 2006-ல் வேறு வழியில் போனது. பிரதான சாலையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சம்பளத்தில் 30 முதல் 40 சதவீதம் கூடுதல் படி. அந்தப் பள்ளிகளில் தகுதி பெற்ற ஆசிரியர்களின் பங்கு சுமார் 10 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. நம் அரசு செய்ய வேண்டியது இந்த இரண்டாவது வகை. கடினப் பகுதிப் பள்ளி என்று பட்டியல் போட்டு, அங்கே வேலை பார்த்த ஆண்டுகளுக்குக் கையில் தெரியும்படியான படியும், பிறகு மாறுதலில் கூடுதல் முன்னுரிமையும் தர வேண்டும். இதை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், ஆனால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒரு கேள்வி கேட்பது: எங்கள் கணக்குப் பணியிடம் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது? தலைமையாசிரியரிடமும் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் இதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடம், ஆள் இல்லை என்றால் அது நேரடிக் காலியிடம். ஆள் உங்கள் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு மாற்றுப்பணியில் வேறெங்கோ வேலை பார்த்தால், காகிதத்தில் காலியிடமே கிடையாது. அந்த மாற்றுப்பணியை ரத்து செய்யச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்ற கணக்கீடு செய்வார்கள். வாத்தியார் இல்லை என்று பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்ற, எண்ணிக்கை குறைய, 'ஆசிரியரின்றி உபரி' என்று எழுதிப் பணியிடத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போன இடத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். ஜூன், ஜூலையில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவது உங்கள் பணியிடத்தைக் காக்கும் வேலையும்கூட.

மனுவில் சட்டத்தைச் சுட்டுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அறிவியல் மற்றும் கணக்குக்கு என்று குறைந்தது ஒரு ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும். 26-ஆம் பிரிவு, பள்ளியின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. பத்துப் பணியிடம்கூட இல்லாத பள்ளியில் ஒரு காலியிடமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஒன்பது, பத்தாம் வகுப்பு இந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் ஆறு முதல் எட்டு வரையிலான பிள்ளைகளை முன்னிறுத்தியே எழுதுங்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தை மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். கலந்தாய்வு முடிந்த பிறகு போகிற மனுவுக்கு அதிகாரி நினைத்தாலும் அதிகம் செய்ய முடியாது.

பணம் திரட்டி ஆள் வைக்கலாமா என்று கேட்டீர்கள். முதலில் அரசு வழியையே பாருங்கள். 2022-ல் அரசே 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப அனுமதித்தது. அப்போது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் அறிவித்தார்கள். உங்கள் பள்ளிக்கு அப்படி அனுமதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும் வரை ஊரார் தர விரும்பினால், நன்கொடையாகப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் ரசீதோடு போடலாம். பிள்ளைக்கு இவ்வளவு என்று வசூலிக்கவே கூடாது. கட்டாயக் கட்டணம் சட்டவிரோதம், கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும்.

தற்காலிக ஆசிரியர் என்றால் தரம் குறைவு என்று பயப்பட வேண்டாம். ஆந்திரத்தில் 100 தொடக்கப் பள்ளிகளுக்குக் கூடுதலாக ஒரு ஒப்பந்த ஆசிரியர் கொடுத்து இரண்டு ஆண்டு ஆராய்ந்ததில், பிள்ளைகளின் கணக்கும் மொழியும் கண்கூடாக முன்னேறின. நிரந்தர ஆசிரியர் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு சம்பளம் வாங்கிய உள்ளூர்க்காரர்கள் அவர்கள். இதைக் காட்டி, குறைந்த சம்பளத்திலேயே காலமெல்லாம் ஓட்டிவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தோம். பத்தாண்டுக்கு மேல் ஆகியும் 12,500 ரூபாய் வரைதான் வந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பலர் நடுவில் விலகிவிட்டார்கள். நீங்கள் ஒருவரை வைத்தால் மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுங்கள். முடியாத தொகையைச் சொல்லிவிட்டு இழுத்தடிப்பதைவிட, எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் இருக்கிறதோ அத்தனை மாதத்துக்கு மட்டும் பேசி வைப்பது நேர்மை.

இந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. பக்கத்துப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் உபரியாக இருந்தால், வாரத்தில் மூன்று நாள் மாற்றுப்பணியில் அனுப்பச் சொல்லி முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள். அந்த மூன்று நாளும் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இரட்டைப் பாடவேளையாகப் போட்டு, கீழ் வகுப்புகளின் கணக்கை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் கால அட்டவணையை மாற்றலாம்.

அடுத்து வருகிறவர் நிலைக்க வேண்டும் என்றால், போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். பல ஊர்களில் இதை யாரும் கேட்டதே இல்லை. வருகிறவர் பெண்ணாக இருந்தால் பாதுகாப்பான வாடகை வீடு, தண்ணீர் வரும் கழிவறை, பள்ளி மணிக்குப் பொருந்தும் பஸ் ஆகிய மூன்றும் பெரிய விஷயம். பஸ் நேரத்தைக் கால்மணி முன்னால் தள்ளச் சொல்லிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்குக் கிராம சபைத் தீர்மானம் அனுப்பலாம். வீடு பார்த்து வைப்பது குழு உறுப்பினர்களால் ஒரு வாரத்தில் முடிகிற காரியம்.

இதோடு, நெருக்கடி இன்னும் கூடலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், தேறாமல் பதவி உயர்வு கிடையாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனுப் போட்டது. பட்டதாரி ஆசிரியர் இடங்களில் ஒரு பகுதி பதவி உயர்வால் நிரம்புவது. அந்த வழி அடைபட்டால் காலியிடம் கூடும், சங்கிலியின் கடைசியில் இருக்கும் பள்ளிக்குத்தான் அது முதலில் தெரியும்.

அதனால் உங்கள் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பி.எஸ்சி. கணிதம் படிக்கிற, படித்து முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் யார் யார் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு பட்டியல் எடுங்கள். பி.எட். சேர்க்கைக்கும் தகுதித் தேர்வு இரண்டாம் தாளுக்கும் விண்ணப்பிக்க அவர்களுக்குத் தலைமையாசிரியர் வழிகாட்டட்டும், பழைய வினாத்தாள்களைப் பள்ளிக் கணினி அறையில் எடுத்துக் கொடுக்கட்டும். அவர்களில் தகுதியுள்ள ஒருவர் இப்போதே தற்காலிக ஆசிரியராக வகுப்புக்கு வரலாம். நாளைக்குத் தேர்வில் தேறிக் கலந்தாய்வில் உட்காரும்போது, மற்றவர்கள் தாண்டிப்போகிற உங்கள் பள்ளியை அந்தப் பெண் தேடி எடுப்பாள், ஏனென்றால் அது அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளி.